அடிமைக்கு விதித்த சாவு

நேப்பிள்ஸ் நகருக்கு அருகே புத்தேயோலி என்றொரு ரோமானியத் துறைமுகம் இருந்தது. அங்கே பிணம் அடக்கும் வேலையையும் தண்டனை நிறைவேற்றும் வேலையையும் நகர நிர்வாகம் குத்தகைக்கு விட்டிருந்தது. குத்தகை விதிகளைச் சொல்லும் கல்வெட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய இயேசுவின் காலத்தை ஒட்டியது. எஜமான் ஒருவர் தம் அடிமையைச் சொந்தச் செலவில் சிலுவையில் அறைய விரும்பினால், மரம், சங்கிலி, கயிறு, சாட்டையடிக்க ஆள் எல்லாவற்றையும் குத்தகைதாரர் கொண்டுவர வேண்டும். மரம் தூக்கி வருபவர், அடிப்பவர், கொல்பவர் ஒவ்வொருவருக்கும் எஜமான் தலைக்கு 4 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) கூலி தர வேண்டும். அடிமை என்ன குற்றம் செய்தார் என்பது குத்தகைதாரருக்கு வேண்டாத விஷயம்.

இயேசு அடிமையாகப் பிறந்தவர் அல்லர். ஆனால் ரோமக் குடியுரிமை இல்லாத கலிலேயக் கைவினைஞர். குடியுரிமை உள்ளவரைச் சிலுவையில் அறைவது ரோமானியர் கூசிய காரியம். அந்தச் சாவு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் மாகாணத்து எளியவர்களுக்கும் என்று ஒதுக்கி வைத்தது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் கி.மு. 71இல் தோற்றபோது, காப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலை நெடுக 6,000 பேரை அறைந்து தொங்கவிட்டார்கள். ஏரோது இறந்த கி.மு. 4இல் யூதேயாவில் கிளம்பிய கலகத்தை அடக்க வந்த ரோமானிய ஆளுநர் வாருஸ் 2,000 பேரை அறைந்தார். கி.பி. 70இல் எருசலேம் முற்றுகையின்போது நாளுக்கு 500 பேர்வரை அறையப்பட்டதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். இத்தனை ஆயிரம் பேரில் இன்று எலும்பாகக் கிடைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1968இல் எருசலேமில் தோண்டியபோது யெகோகனான் என்று பெயர் பொறித்த எலும்புப் பெட்டியில், 11.5 சென்டிமீட்டர் ஆணி பாய்ந்த குதிகால் எலும்பு இருந்தது. 2017இல் இங்கிலாந்தின் ஃபென்ஸ்டான்டனில் அதுபோல் இன்னொன்று. மற்றவர்கள் பெரும்பாலும் காக்கைக்கும் நாய்க்கும் போனார்கள். அடக்கம்கூட மறுக்கப்படுவது அந்தத் தண்டனையின் ஒரு பகுதி.

கிறித்தவ விசுவாசிகளுக்குச் சிலுவை என்ன பொருள் தருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில், 'என் பாவத்துக்காக மரித்தார்' என்பது. ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த பதில். அதற்குப் பின்னால் 1,900 ஆண்டு இறையியல் விவாதம் இருக்கிறது. இக்கட்டுரை கேட்பது கொஞ்சம் வேறு கேள்வி. அந்தச் சாவு அடிமைக்கு விதித்த சாவு என்ற நினைவு இருக்கிற இடத்தில் சிலுவை என்னவாகிறது, அது மறந்துபோன இடத்தில் என்னவாகிறது? இதைப் பார்க்கத் திருவள்ளூர் மாவட்டம் தோதான இடம். அடிமை வியாபாரம், பண்ணையாள் முறை, அகதி முகாம், ஒப்பந்தக் கூலி, சூளைக் கொத்தடிமை ஆகிய எல்லாவற்றையும் பழவேற்காடு, ஈக்காடு, கும்மிடிப்பூண்டி என்ற மூன்று ஊர்களைச் சுற்றியே பார்த்துவிடலாம். மூன்று ஊரிலும் சிலுவையும் இருந்திருக்கிறது.

முதல் தலைமுறைக் கிறித்தவர்கள் அவமானத்தை மூடி மறைக்கவில்லை. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் பகுதி ஒன்று, கடவுளின் நிலையில் இருந்தவர் அடிமை நிலைக்கு இறங்கினார், சிலுவைச் சாவுவரை கீழ்ப்படிந்தார் என்று போகிறது. பவுலுக்கு முன்பே சபைகளில் பாடப்பட்ட பாட்டு அது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அடிமை என்று சொன்ன கையோடு சிலுவை என்று சொல்வது அந்தக் காலத்தில் உவமை அல்ல, வழக்கு. வெளியில் இருந்தவர்களுக்கு இது எப்படிப் பட்டது என்பதற்கும் சான்று உண்டு. ரோமில் பலத்தீன் குன்றின் சுவரில் ஏறக்குறைய கி.பி. 200ஐச் சேர்ந்த கிறுக்கல் ஒன்று 1857இல் கிடைத்தது. கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் ஓர் உருவம். கீழே அலெக்ஸாமெனோஸ் என்பவன் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்ற கேலி. சிலுவையில் அறையப்பட்டவரைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று எதிரியின் கேலிச் சித்திரம்!

விசுவாசிகள் தாமே அந்தக் காட்சியைப் பொதுவில் செதுக்கத் துணிந்தது அதற்கு 200 ஆண்டு கழித்து. ரோமின் சாந்தா சபீனா ஆலயத்து மரக்கதவில், கி.பி. 430 வாக்கில், இயேசு கண் திறந்து கை விரித்து நிற்கிறார். பின்னால் மரம் இருப்பதே சரியாகத் தெரியவில்லை. பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்தத் தண்டனையை ஒழித்து, அதைக் கண்ணால் பார்த்த தலைமுறைகளும் போன பிறகே அதைப் படமாக்க முடிந்திருக்கிறது. தலை கவிழ்ந்து, வயிறு சரிந்து, செத்துப்போன உடலாக இயேசுவைக் காட்டும் பெரிய மரச் சிற்பம் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் உள்ளது, கி.பி. 970 வாக்கில் செய்தது. நம் பக்கத்துப் பழைய சிலுவையிலும் உடல் கிடையாது. 1547இல் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றிப் பாரசீக எழுத்து ஓடுகிறது. அதன் முனைகள் பூவாக விரிகின்றன. அழகான வேலைப்பாடு. ஆனால் அதைப் பார்த்து யாருக்கும் புத்தேயோலிக் குத்தகை ஞாபகம் வராது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதுவே தலைமையிடம். துணியும் வெடிமருந்தும் மட்டுமல்ல, மனிதர்களும் அங்கிருந்து கப்பலேறினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அடிமை ஏற்றுமதி திடீரென்று பெருகியதை மார்கஸ் விங்க் போன்ற ஆய்வாளர்கள் கம்பெனி ஆவணங்களைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை விற்றவர்கள், தம்மையே விற்றுக்கொண்டவர்கள், தரகர்கள் பிடித்து வந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் போனார்கள். இதே பழவேற்காட்டில் 1632 முதல் 1642 வரை போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியுஸ். பத்மநாபர் என்ற பிராமணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இந்து சமயம் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1651இல் லெய்டனில் அச்சானது. சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியை ஐரோப்பாவுக்கு முதலில் அறிமுகம் செய்த நூல் என்று இன்றும் பாராட்டுகிறார்கள். ஊன்றிக் கவனித்த மனிதர்தான். பிராமணரின் சடங்குகள் அவர் பேனாவுக்குள் வந்தன. அவர் நினைவுகூரப்படுவது அதற்காகவே.

ரோஜேரியுஸின் சபை ஏற்றிருந்த ஞானோபதேச நூல் 1563இல் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடை. அதன் முதல் கேள்வியே, வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் எது என்பது. விடையின் சாரம்: நான் எனக்குச் சொந்தமானவன் அல்லன், உடலாலும் ஆன்மாவாலும் கிறிஸ்துவுக்குச் சொந்தம், அவர் தம் இரத்தத்தால் என் கடனை முழுக்கச் செலுத்திவிட்டார். வாங்குதல், சொந்தமாதல், விலை செலுத்துதல். கோட்டைக்குள் ஓய்வுநாள்தோறும் இதைக் கற்பித்திருப்பார்கள். வார நாட்களில் அதே மூன்று சொற்களும் வேறு பேரேட்டில் வேறு மனிதர்களைக் குறித்தன. இந்த முரண் டச்சுக்காரர் யாருக்கும் உறைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1618-19இல் டார்ட்ரெக்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் சங்கத்துக்குக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து ஒரு கேள்வி வந்தது: கிறித்தவர் வீட்டில் பிறக்கும் அடிமைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? போதனை பெறும் வயதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்றனர் பெரும்பாலோர். ஞானஸ்நானம் பெற்றவரை மறுபடி விற்கக் கூடாது என்ற கருத்தும் சங்கத்தில் வெளிப்பட்டது. அதனால் விளைந்தது என்ன? விற்க நினைத்தவர் ஞானஸ்நானம் கொடுக்காமல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

இந்தக் கணக்கு மொழிக்கு மூலம் டச்சுக்காரர் அல்லர். கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த நூல் ஒன்றில், கடவுள் ஏன் மனிதரானார் என்ற கேள்விக்குத் தம் காலத்து ஜமீன் ஒழுங்கிலிருந்து பதில் எடுத்தார். பிரபுவின் மானத்துக்குக் குறை செய்தவர் ஈடு கட்ட வேண்டும். கடவுளின் மானத்துக்கு நேர்ந்த குறையை மனிதர் ஈடுகட்ட முடியாது, கடவுளே மனிதராகி வந்தால்தான் முடியும். சீர்திருத்தச் சபைகளின் முன்னோடி கால்வின் வழக்கறிஞர் படிப்புப் படித்தவர். அவர் கையில் மானம் போய்ச் சட்டம் வந்தது. ஈடு போய்த் தண்டனை வந்தது. குற்றவாளிக்கு உரிய தண்டனையை நிரபராதி ஏற்றுக்கொள்கிறார். நம் ஊர்ச் சீர்திருத்த சபைகளின் பிரசங்கத்தில் இன்றும் பெரும்பாலும் கேட்பது இந்த விளக்கமே. தர்க்கம் கச்சிதமானது. அந்தக் கச்சிதத்தில் கழன்று விழுவது ஒன்று உண்டு. கொன்றது யார், கொல்லப்பட்டவர் எந்தச் சாதி மனிதர், ஏன் கல்லெறிந்தோ தலைவெட்டியோ கொல்லாமல் மரத்தில் தொங்கவிட்டார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே வேலை இல்லை. இயேசு படுக்கையில் செத்திருந்தாலும் கணக்கு நேராகிவிடும் போலிருக்கிறது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மனிதர் சாவார் என்பதை அவை நினைவூட்டுகின்றன. இன்னொரு மனிதர் கையால் சாவார் என்பதை நினைவூட்டும் பாடுபட்ட சுரூபத்துக்கு அந்தச் சபையில் இடமில்லை. ஆலயத்தில் உருவங்களை வைப்பதை அதே வினாவிடை தடுத்திருந்தது.

திருவள்ளூர் 1997இல் தனி மாவட்டமாவதற்கு முன் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் சொன்ன பிறகும், செங்கல்பட்டில் படியாள் படியாளாகவே இருந்தார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசை போகும். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாருக்கு முன்னுரிமை. இந்த நிலையை 1891இல் கலெக்டர் டிரெமென்ஹீர் விரிவான குறிப்பாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக வந்த 1892 அரசாணையே தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அதே காலத்தில் திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி பணியாற்றினார். மேல்சாதியாரை மதம் மாற்றினால் கீழே உள்ளவர்கள் தாமாக வருவார்கள் என்ற மிஷன் கொள்கையை விட்டுவிட்டு, பறையர் சேரிகளுக்கே நேராகப் போக வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். நிலம் பற்றியும் எழுதினார்.

சேரிகள் கூட்டமாகச் சபையில் சேர வந்தபோது மிஷனரிகளுக்கு ஒரு சங்கடம். இவர்கள் இரட்சிப்புக்காக வருகிறார்களா, நிலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வருகிறார்களா? ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தச் சங்கடத்தை நன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. ஆவிக்குரியது ஒரு பக்கம், உலகத்துக்குரியது இன்னொரு பக்கம் என்ற பாகுபாடு மிஷனரிகளுடையது. வந்தவர்களுக்கு அப்படி இரண்டு பெட்டிகள் இல்லை. நான் இதைச் சிலுவைக்கு நீட்டிப் பார்க்கிறேன். மிஷனரி நின்று பேசியது மனித குலத்தின் பாவம் பற்றி. கேட்டவர்கள், தாங்கள் படும் பாடு முன்வினையின் பலன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லக் கேட்டவர்கள். அடிபடுகிறவர் அடிபடத் தக்கவரே என்பது அந்தப் பேச்சின் அடியில் கிடக்கும் அர்த்தம். அவர்கள் முன்னால் ஒரு கதை வைக்கப்படுகிறது. ஒரு தவறும் செய்யாதவரைப் பிடிக்கிறார்கள், பணம் கைமாறுகிறது, அதிகாரி கை கழுவுகிறார், ஊரே கூடி வேடிக்கை பார்க்க அம்மணமாகத் தொங்கவிட்டுக் கொல்கிறார்கள். அவர்தான் கடவுளின் மகன். பாடுபடுவது குற்றத்துக்குச் சான்று அல்ல என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? போதகர் சொல்ல வந்ததற்கும் மேலாகவே கதை சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வாசிப்பை இறையியலாக்க நூறாண்டு பிடித்தது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். பின்னர் அவர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறையை நடத்தினார். இயேசுவே தலித், சிலுவையில் கைவிடப்பட்டதாக அவர் கதறியது அந்த நிலையின் உச்சம் என்பது நிர்மலின் வாதம். கேட்பவருக்கு மிகையாகத் தோன்றலாம். புத்தேயோலிக் கல்வெட்டைப் படித்த பிறகு எனக்கு அது மிகையாகப் படவில்லை. வரலாற்றாய்வாளர் சொல்வதையே வேறு மேடையிலிருந்து சொல்கிறார். ஆனால் சபை அந்த வாதத்தை வாழ்க்கையில் ஏற்றதா என்பது வேறு. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அரசு தன் பங்குக்கு வேறொரு விலை வைத்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர் இன்னும் வெளியில். ஞாயிறு ஆராதனையில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்களைப் பற்றி வடமாவட்டச் சேரிகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் தொழிற்பேட்டையும் இரும்பு உருக்காலைகளும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை; ஊரின் இன்னொரு முகம் இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம். 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். 1990இல் போர் மறுபடி மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்களில் கணிசமானோர் கத்தோலிக்கர். தமிழ்க் கிறித்தவத்தில் சிலுவையை மிக நெருக்கமாக அழுது தீர்த்த மரபு அவர்களுடையது. அந்த மரபின் பிறப்பில் பழவேற்காட்டுக் கம்பெனிக்கும் பங்கு உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். சுரூபங்களை மண்ணில் புதைத்தும் பரணில் ஒளித்தும் வைத்த காலம். 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது அவரைத்தான். 1705இல் அவருக்குத் துணையாக வந்த யாகோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசுகாலத்தில் இராகமிட்டு வாசிப்பது மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றளவும் உண்டு.

அதைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும், அது பிரசங்கம் என்ற பெயரில் நடக்கும் ஒப்பாரி. இழவு வீட்டுக் குரல். கோட்பாட்டு விளக்கம் பின்னால் நிற்கிறது, முன்னால் நிற்பது பெற்றவளின் துக்கம். பூசை வைக்கக் குரு இல்லாத ஊர்களில், கோயில் பூட்டிக் கிடந்த காலத்தில், அழத் தெரிந்த எவரும் சிலுவையின் கீழ் நிற்கலாம் என்ற வசதியை அது தந்தது. யாழ்ப்பாணத்தில் 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் ஆண்டுதோறும் மேடையேற்றிய திருப்பாடுகளின் நாடகங்கள், போர் நடந்த காலத்திலும் பெருங்கூட்டம் கண்டன. நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்தவர்கள் மீது 1995 ஜூலை 9 அன்று விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1999 நவம்பரில் மடு ஆலயத்தில் எறிகணை விழுந்து சுமார் 40 பேர். இதைக் கண்டவர்கள் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் 14 நிலைகளையும் சுற்றி வரும்போது, அவர் நமக்காகச் செத்தார் என்பதைவிட நம்மைப் போலச் செத்தார் என்பது முன்னால் வந்து நிற்கும். ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன், இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்தவர், 1972இல் எழுதிய நூலில் கடவுளே சிலுவையில் துன்பப்படுகிறார் என்று வாதிட்டுப் பெயர் பெற்றார். வியாகுலப் பிரசங்கம் வாசித்த கிழவிகளுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

தொழிற்பேட்டையைச் சுற்றிய குடியிருப்புகளில், தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே சபைகளில், இன்னொரு சிலுவை இருக்கிறது. அங்கே லெந்து நாள் இல்லை, சுரூபம் இல்லை, ஒப்பாரி இல்லை. 'இயேசுவின் இரத்தம் ஜெயம்' என்ற முழக்கம் உண்டு. வாசற்படியில், ஆட்டோவின் பின்கண்ணாடியில், மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் அதைப் பார்க்கலாம். சிலுவை அங்கே தோல்வியின் இடமல்ல. சாத்தான், நோய், ஏவல், பில்லிசூனியம், குடிப்பழக்கம் எல்லாம் தோற்ற இடம். படித்த சீர்திருத்த சபைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பதுண்டு. உண்மையில் இது பழைய சரக்கு. ஸ்வீடன் இறையியலாளர் குஸ்தாஃப் அவ்லேன் 1930இல், முதல் ஆயிரம் ஆண்டுகளில் சபைத் தந்தையர் பெரும்பாலும் சிலுவையை இப்படித்தான், தீய சக்திகள் மீது கிறிஸ்து கொண்ட வெற்றியாகத்தான் புரிந்துகொண்டார்கள் என்று காட்டினார். அன்செல்ம் பிந்தியவர். உலைக்கு முன்னால் 12 மணி நேர ஷிஃப்ட் நின்றுவிட்டு வருபவருக்கு அழுவதற்கு நேரமில்லை, ஜெயிக்க வேண்டியிருக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய வெள்ளிக்கு விடுமுறை உண்டா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவன விடுமுறைச் சட்டத்தில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கும் கட்டாயம். மற்ற ஐந்து பண்டிகை நாட்களில் பெரிய வெள்ளி இடம்பெறுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சிலுவையைப் பற்றிய கடுமையான எதிர்வாதம் கிறித்தவத்துக்குள்ளிருந்தே வந்திருக்கிறது, அதுவும் பெண்களிடமிருந்து. தந்தை தன் மகனைச் சாகவிட்டது அன்பு என்று கற்பித்தால், அடிவாங்குவது புண்ணியம் என்று கற்பித்ததாக ஆகாதா என்று ஜோன் கார்ல்சன் பிரௌனும் ரெபேக்கா பார்க்கரும் 1989இல் கேட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அடிமை வரலாற்றிலிருந்து டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல், பிறருக்குப் பதிலாளாக நின்று தேய்வதே அவர்கள் வாழ்வாக இருந்தது, அதைப் புனிதமாக்காதீர்கள் என்றார். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்லி அழும் பெண்ணிடம், 'அது உன் சிலுவை, சுமந்துக்கோ சகோதரி' என்று சொல்லும் போதகர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். முன்வினைப் பலன் என்று சேரிக்குச் சொல்லப்பட்டதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. எதிர்வாதம் நியாயமானது என்றே நினைக்கிறேன். தண்டனைக் கணக்கு விளக்கத்தை அது வசமாகப் பிடிக்கிறது. நற்செய்தி நூல்களை அது பிடிக்கவில்லை. அவற்றில் சிலுவை ஒரு கொலை. யூதாஸ் வாங்கியது 30 வெள்ளிக்காசு, பிலாத்துவுக்குப் பதவிப் பயம், பிரதான ஆசாரியர்களுக்கு ஊர் நிலவரம் பற்றிய கணக்கு. யாரும் நல்லது செய்வதாகக் காட்டப்படவில்லை. விசுவாசிகள் மூன்றாம் நாளைக் கொண்டாடுவது ரோமானிய அரசின் தீர்ப்பு தள்ளுபடியானது என்பதால். ஈஸ்டர் இல்லாமல் பெரிய வெள்ளியை மட்டும் போதிப்பவர் பிலாத்துவின் தீர்ப்பை உறுதி செய்கிறார்.

கணக்கு விளக்கத்தை இதுவரை கொஞ்சம் ஏளனமாகவே பேசியிருக்கிறேன். அதற்கு நியாயம் செய்ய வேண்டுமானால் செங்கல் சூளைக்குப் போக வேண்டும். 2011இல் இந்த மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து 500க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் கொத்தடிமைகள் என்று மீட்கப்பட்டார்கள். செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளில் இருளர் குடும்பங்கள் இப்படிக் கட்டுண்டு கிடந்ததும் வெளிவந்த செய்தியே. கட்டுவது சங்கிலி அல்ல, முன்பணம். குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, அதைக் கழிக்கும்வரை வேலை. கணக்கு எழுதுவது முதலாளி, கழிகிறதா என்று சொல்வதும் முதலாளி. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் மையம் இந்தக் கடன் செல்லாது என்ற ஒற்றை விதி. அழிந்துபோன கடனுக்காகப் பிறகு யாராவது பணம் வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை. மீட்கப்பட்டவருக்கு அரசு அதிகாரி கொடுக்கும் விடுதலைச் சான்றிதழ் அதைத்தான் சொல்கிறது.

பவுலின் பெயரால் வழங்கும் கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஓர் உருவகம் வருகிறது: நமக்கு எதிராக எழுதப்பட்டிருந்த கடன் சீட்டைக் கடவுள் அழித்தார், எடுத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்று. அன்செல்ம் பிரபுவின் பக்கம் நின்று கடனைப் பார்த்தார். இந்த நிருபத்தின் முதல் வாசகர்களில் அடிமைகளும் இருந்தார்கள். பின் அதிகாரங்கள் அவர்களை நேராக விளித்துப் பேசுகின்றன (பேசும் விதம் வேறு வகையில் சங்கடமானது). சீட்டு எழுதிக் கொடுத்தவர் பக்கம் நின்று பார்த்தால், அடிமைக்கு விதித்த சாவைச் செத்த ஒருவரின் மரத்திலேயே அடிமைச் சீட்டும் அறையப்படுகிறது. ஹைடல்பெர்க் வினாவிடையின் முதல் விடையும் இந்தப் பக்கத்திலிருந்து படித்தால் வேறாகிவிடுகிறது: என்னை வேறு யாரும் வாங்க முடியாது. கோட்டைக்குள் அதை ஓதியவர்கள் தாம் நின்ற பக்கத்திலிருந்து ஓதினார்கள்.

சூளைப் பருவம் டிசம்பர், ஜனவரியில் தொடங்கி ஜூன் வாக்கில் முடிகிறது. அடுத்த பருவத்துக்கான முன்பணத்தை மேற்கு ஒடிசாவில் தரகர்கள் நுவாகாய் பண்டிகையை ஒட்டிக் கொடுப்பார்கள். பெரிய வெள்ளி இந்தப் பருவத்தின் நடுவில், கல் அறுப்பு உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. அன்று பகல் 12 முதல் 3 மணி வரை திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆலயங்களில் மும்மணி ஆராதனை நடக்கும்; சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கிப்பார்கள். கடன் தீர்ந்தது என்று பேசுகிறவர் முன்பணத்தின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும், மீட்கப்பட்டவர் கையிலிருக்கும் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கொலோசெயில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட அடிமைக்குக் கடன் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.